மூன்றாவது கதவு: சைகோனில் பாஸ்போர்ட் பறிகொடுத்த கொழிஞ்சாம்பாறைப் பையன்

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம் உண்டு. விண்ணப்பம் நிரப்புவது, ஆன்லைனில் பதிவது, நகல் எடுப்பது, மலையாளத்தில் வந்த நோட்டீஸைத் தமிழில் படித்துச் சொல்வது என்று 19 ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு தமிழில் இருக்கும், சந்தைக்குப் பொள்ளாச்சி, மருத்துவத்துக்குக் கோயம்புத்தூர். இரண்டு மாநிலங்களின் காகிதங்களுக்கு நடுவே வாழ்ந்து பழகிய ஊர் இது. அப்படிப் பழகிய நானே ஓர் இடத்தில் தவறினேன். அந்தத் தவறும் சேர்ந்துதான் இந்த நிகழ்வு.

2024ஆம் ஆண்டின் கடைசியில் நடந்தது. சம்பந்தப்பட்டவன் 24 வயதுப் பையன். சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான். அவன் அம்மா என்னை அண்ணா என்று அழைப்பவர், அதனால் அவன் எனக்கு மருமகன் முறை. கோயம்புத்தூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து என்று ஆறு வாரம் சுற்றக் கிளம்பினான். கொச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 ஆகஸ்டிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. பழைய பெயர் சைகோன். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னும் அந்தப் பெயர்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். 84 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு. வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது; அங்கே ஆறரை.

"மாமா, நான்தான். பாஸ்போர்ட் போய்விட்டது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்."

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை இரண்டே எண்கள். ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று என்னுடையது, பள்ளிக்கூடம் போகும் வழியில் என் கடைப் பலகையில் பத்து வருடம் படித்த எண். மற்ற எல்லா எண்களும் போனில் இருந்தன. போன், பாஸ்போர்ட்டோடு சேர்ந்து போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் கம்போடியத் தலைநகர் நோம் பென்னுக்குப் பஸ் டிக்கெட் வாங்கப் போயிருக்கிறான். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும் என்பதால், அதுவரை விடுதியில் பூட்டி வைத்திருந்ததை எடுத்துச் சின்னத் தோள்பையில் போட்டுக்கொண்டான். ஃபாம் ஙூ லாவ் தெருவில், நடைபாதை ஓரத்தில் நின்று போனில் வழி பார்த்துவிட்டு, போனைப் பைக்குள் போட்ட அடுத்த நிமிடம் இருசக்கர வண்டியில் இரண்டு பேர் வந்து பையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவன் விழுந்ததில் முழங்கையில் சிராய்ப்பு.

ஒரு விஷயத்தை அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். இவன் உடம்புக்குப் பழக்கம் இடப்பக்கம். வண்டி எந்தத் திசையிலிருந்து வரும் என்று உடம்பு எதிர்பார்த்ததோ, அதற்கு நேர் எதிரிலிருந்து வந்திருக்கிறது. பையும் சாலைப் பக்கத் தோளில் தொங்கியிருக்கிறது. கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் அவனைத் திட்டியவர்கள் ஊரில் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழக்கம் ஒரு கணம் ஏமாற்றிவிட்டது.

அன்றிரவு நான் சொன்னவை

முதலில் சொன்னது, அந்த விடுதியை விட்டு வெளியேறாதே என்று. வியட்நாமில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் விடுதிக்காரர் அவருடைய பாஸ்போர்ட் விவரத்தை உள்ளூர்ப் போலீஸிடம் பதிய வேண்டும். ஏற்கெனவே பதிந்துவிட்ட இடத்தில் இருப்பது வரைதான் தங்க இடம் நிச்சயம். கோபத்தில் வேறு விடுதி தேடிப் போயிருந்தால், பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு யார் அறை கொடுப்பார்கள்? அந்தப் பதிவின் நகலையும் அப்போதே கேட்டு வாங்கச் சொன்னேன். பின்னால் இரண்டு இடங்களில் அது தேவைப்பட்டது.

அடுத்தது பணம். பர்ஸோடு வங்கி அட்டை போயிருந்தது. விடுதியின் போனிலிருந்தே வங்கியைக் கூப்பிட்டு முடக்கினான். கிளம்பும்போது நான் வற்புறுத்தியதால், பெரிய பையின் அடியில் ஒரு காலுறைக்குள் வேறொரு பயண அட்டையும் 100 டாலரும் வைத்திருந்தான். அது மட்டும் இல்லாமல் இருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக இங்கிருந்து அனுப்பிவிடலாமே என்று நினைக்கலாம். அங்கே கவுண்டரில் அதை எடுக்க அடையாளமாகக் கேட்பது பாஸ்போர்ட்டைத்தான்.

மூன்றாவது சங்கடம் நான் எதிர்பாராதது. பாஸ்போர்ட்டின் படம், விசா, விமான டிக்கெட் எல்லாம் மின்னஞ்சலில் இருக்கின்றன, விடுதிக் கணினியில் திறந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான் பையன். கடவுச்சொல் சரிதான். ஆனால் புது ஊர், புதுக் கணினி என்பதால் உறுதிப்படுத்தும் எண்ணை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று திரை சொன்னது. அந்தப் போன்தான் திருடன் கையில் இருக்கிறதே! ஆதாரோடு இணைத்த எண்ணும் அதே சிம்தான். மாற்று சிம் வாங்கலாம் என்றால் ஆள் நேரில் வர வேண்டும். ஒரே ஒரு கருவியில் எல்லாச் சாவிகளையும் மாட்டி வைத்திருந்தான். அவன் மட்டுமா? நாம் எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

தகரப் பெட்டி

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காகிதம் அவர் வீட்டில்தான் இருந்தது. ஞாயிறு விடியற்காலை வேலந்தாவளம் போகும் சாலையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். தென்னந்தோப்பு ஓரத்து ஓட்டு வீடு. விஷயத்தைச் சொன்னதும் அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அடி பலமா அண்ணா? சாப்பிட்டானா?" பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார்.

மேலே கல்யாணப் புடவை. அதன் கீழே வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றிய கட்டு. நிலப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு, பையனின் எஸ்எஸ்எல்சி புத்தகம், அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். இரண்டு வருடத்துக்கு முன் பாஸ்போர்ட் வந்த அன்று, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒரே தாளில் நகல் எடுத்து, இதைப் பெட்டியில் வையுங்கள் என்று கொடுத்திருந்தேன். என்னிடம் வரும் எல்லோருக்கும் கொடுப்பேன். பாதிப் பேர் அந்தத் தாளில் பால் கணக்கு எழுதிவிடுவார்கள். இவர் வைத்திருந்தார்.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். மடிப்பு பாஸ்போர்ட் எண்ணின் மேலேயே விழுந்திருந்தது. ஓர் ஆங்கில எழுத்து, அதற்குப் பின் ஏழு இலக்கம். அதில் ஐந்தாவது இலக்கம் மடிப்பில் தேய்ந்து மூன்றா எட்டா என்று தெரியவில்லை. அம்மா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் பிடித்துப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தின் கீழே கோப்பு எண் முழுசாக இருந்தது. விண்ணப்பித்த அன்று கொடுக்கும் ஒப்புகைச் சீட்டிலும் அதே எண் இருக்கும், அதன் நகல் என் அலுவலகத்தில் இருந்தது. கோப்பு எண், பெயர், பிறந்த தேதி மூன்றும் இருந்தால், உலகின் எந்த மூலையில் இருக்கும் இந்தியத் தூதரகமும் பாஸ்போர்ட் பதிவைத் தேடி எடுக்க வழி இருக்கிறது. எனக்கு மூச்சு வந்தது.

இன்னொரு சிக்கலையும் அந்தப் பெட்டிதான் காட்டிக்கொடுத்தது. பையனின் அப்பா பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் அதை ஆங்கிலத்தில் ஒற்றை எல் போட்டு எழுதியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் அதையே பின்பற்றியது. ஆதாரில் மலையாள வழக்கப்படி இசட், எச் என்று இரண்டு எழுத்து. எல்லையோரத் தமிழர் வீடுகளில் இது சர்வசாதாரணம். ஒரே அப்பா மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக இருப்பார். பாலக்காட்டில் எழுதும் குமாஸ்தாவின் கை ஒரு மாதிரி எழுதும், பொள்ளாச்சிக் குமாஸ்தாவின் கை வேறு மாதிரி எழுதும். ஊரில் இருக்கும்வரை இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அயல்நாட்டில், நான் யார் என்று நிரூபிக்க வேண்டிய நேரத்தில், ஆதாரைப் பார்த்துப் படிவம் நிரப்பியிருந்தால் பழைய பதிவோடு பொருந்தாமல் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் இருந்தபடி எழுத்துக்கு எழுத்து எழுது கண்ணு, உனக்குச் சரி என்று படுவதை எழுதாதே என்று சொன்னேன். காலை எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து விடுதியின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன்.

எந்த ஸ்டேஷன்?

விடுதியில் கூடத் தங்கியிருந்தவர்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார் என்றார்களாம். திருடர்களுக்குத் தேவை போனும் பணமும்தான், பாஸ்போர்ட்டை எங்காவது வீசிவிட்டுப் போவார்கள், யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஆபத்தான யோசனை. திருட்டுப் பாஸ்போர்ட்டுக்குச் சந்தை இருக்கிறது. 2014 மார்ச்சில் காணாமற்போன மலேசிய விமானம் எம்எச் 370இல் இரண்டு பேர், தாய்லாந்தில் களவுபோன ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுகளில் ஏறியிருந்தார்கள். அவர்களுக்கும் விமானம் மறைந்ததற்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவரவில்லை. ஆனால் களவுபோனதாக இன்டர்போல் பட்டியலில் பதிவாகியிருந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளை யாரும் சரிபார்க்காமல் விட்டது உலகத்துக்கே தெரிந்தது. அந்தப் பட்டியலை இன்டர்போல் 2002இலிருந்து நடத்துகிறது. நாம் புகார் கொடுத்தால்தான் நம் எண் அந்தப் பட்டியலுக்குப் போகும். நாளைக்கு நம் பெயரில் யாரோ எங்கோ செய்யும் காரியத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டாம் என்றால், பதிவு செய்தே ஆக வேண்டும்.

தொலைந்ததாகத் தூதரகத்தில் பதிவானதும் அந்தப் பாஸ்போர்ட் செத்துவிடும். பிறகு கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது. இதையும் அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஞாயிறு காலை ஒரு முறை அந்தத் தெருவின் குப்பைத் தொட்டிகளையும் பூங்காவையும் தேடிப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குப் போனான்.

விடுதிக்குப் பக்கத்து நிலையத்துக்குத்தான் போனான். அங்கே ஒவ்வொரு வார்டுக்கும் தனிப் போலீஸ் நிலையம். சம்பவம் எங்கள் வார்டில் நடக்கவில்லை, தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு வார்டு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனில் இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் நினைவுக்கு வந்தது. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கேரளப் போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ். நடுவில் மாட்டைப் பறிகொடுத்தவன் இரண்டு பக்கமும் நடந்த கதையை இந்த ஊரில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். இப்போது நம் நாட்டில் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமே சொல்கிறது. அங்கே அவன் சரியான வார்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது நிலையத்தில் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இவனுக்கு வியட்நாமிய மொழி தெரியாது, எழுதும் அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியாது. போன் இல்லாததால் மொழிபெயர்க்கும் செயலியும் இல்லை. மொழி தெரிந்த ஒருவரோடு வா என்று சைகையில் சொன்னார்கள்.

அந்த ஊரில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அப்போது முதல் மாவட்டம் என்று அழைக்கப்பட்ட பகுதியில், சந்தைக்கு அருகே, சுவரில் வண்ணச் சுதைச் சிற்பங்களோடு நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் வணிகம் செய்யப் போன தமிழர்கள் கட்டியது. இன்று கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாம் மக்கள். கருவறைக்குப் பின்னால் உள்ள கல் சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலை மெல்லச் சொல்வது அவர்கள் வழக்கம். பையன் வழிதேடித்தான் போனானா, கால் தானாகப் போயிற்றா என்று அவனுக்கே தெரியவில்லை. மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனிடம், தம்பி எந்த ஊர் என்று தமிழில் ஒருவர் கேட்டிருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர், அங்கே சமையல் வேலையில் பல வருடமாக இருப்பவர். கொழிஞ்சாம்பாறை என்றதும், ஆனைமலைக்குப் போகிற வழியில் நம் அத்தை ஊர் அந்தப் பக்கம்தானே என்றாராம். அவருடைய வியட்நாமிய நண்பர் ஒருவர் திங்கள் காலை நிலையத்துக்குக் கூட வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, புகார் எழுதி முத்திரை வாங்கிக் கொடுத்தார். ஒரு டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. மாரியம்மன் படத்துக்கு விளக்கு ஏற்றும்போதெல்லாம் பையனின் அம்மா அவர்களையும் நினைத்துக்கொள்கிறார்.

வெள்ளைத்தாளும் சதுரப் படமும்

திங்கள் மதியம் இந்தியத் துணைத் தூதரகம். இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புதிய பாஸ்போர்ட்டுக்கே அங்கிருந்து விண்ணப்பிப்பது; ஊரில் விசாரணை, அச்சிடல் என்று வாரக்கணக்கில் ஆகலாம், ஆனால் கையில் வந்தால் பயணத்தைத் தொடரலாம். மற்றது அவசரச் சான்றிதழ். இந்தியாவுக்கு ஒரே ஒரு முறை திரும்புவதற்கான பயண ஆவணம். அதை வைத்துக் கம்போடியாவுக்குப் போக முடியாது. ஆறு வாரக் கனவு பத்தாம் நாளோடு முடிந்துவிடும்.

அவன் அன்றிரவு வெகுநேரம் பேசினான். இரண்டு வருடச் சம்பளம் மாமா என்றான். நான் முடிவு சொல்லவில்லை. கையில் மிச்சம் இருந்த பணத்தையும், விசாவில் மிச்சம் இருந்த நாட்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். எழுதிப் பார்த்துவிட்டுச் சான்றிதழையே கேட்டான்.

தாமதமானது புகைப்படத்தால். இந்தியத் தூதரகம் கேட்டது இரண்டு அங்குலச் சதுரப் படம். அங்குள்ள கடைகளில் எடுப்பது நீள்சதுரம். வெட்டிக் கொடுத்ததில் தலை மேலே முட்டியது, திரும்பி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அளவை எழுதிக் காட்டி மறுபடி எடுத்தான். அது போக மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. புகார் நகல், விடுதிப் பதிவு, நான் அனுப்பிய இரண்டு பக்கம், கோப்பு எண். திரையில் அவனுடைய பழைய பதிவும் படமும் வந்ததும், தேய்ந்த இலக்கம் எட்டு என்று அங்கேயே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை சான்றிதழ் கைக்கு வந்தது. நகலே இல்லாமல் போகிறவர்களுக்கு, இவர் இந்தியர்தானா என்று ஊர்ப் போலீஸ் வழியாக விசாரித்துப் பதில் வரும்வரை காத்திருக்க நேரும். அந்த மடித்த தாள் மிச்சப்படுத்திய நாட்கள் அவை.

என் தவறு

வியாழன் மாலை, சான்றிதழ் கிடைத்துவிட்டது என்றதும் நான் சொன்னேன்: "சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிடு கண்ணு."

அவன் ஏற்கெனவே வாங்கியிருந்த திரும்பும் டிக்கெட் பாங்காக்கிலிருந்து. அது இனி ஆகாது. வேறு நாட்டில் இறங்கி ஏறும் மலிவு டிக்கெட்டையும் வேண்டாம் என்று தடுத்தேன். அவசரச் சான்றிதழோடு நடுவழியில் வேறொரு நாட்டில் ஏற்றுவார்களா என்ற கேள்வி வரும். கொச்சிக்கு நேரே போகும் விமானம்தான் என்றேன். இதுவரை சரி. அவன் பயண அட்டையில் இருந்த பணத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துச் சனிக்கிழமை டிக்கெட் வாங்கினான். மறுநாள் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் கேட்டார்: வெளியேறும் விசா வாங்கிவிட்டாயா?

நான் அதை நினைக்கவே இல்லை. பாஸ்போர்ட் என்பது இந்தியா கொடுத்த புத்தகம் என்று மட்டும் பார்த்துவிட்டேன். அதற்குள் இன்னொரு நாடும் எழுதியிருக்கிறது. வியட்நாம் கொடுத்த மின்விசா அந்தப் பழைய எண்ணோடு கட்டுண்டது; விமான நிலையத்தில் குத்திய நுழைவு முத்திரையும் அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. இந்தியா கொடுத்த பாதிக்குப் பதிலாகச் சான்றிதழ் வந்துவிட்டது. இவன் முறையாக உள்ளே வந்தவன்தான் என்ற வியட்நாமின் பாதிக்கு யார் பதில் தருவது? அந்த நாட்டின் குடிநுழைவுத் துறை தர வேண்டும். போலீஸ், தூதரகம் என்ற இரண்டு கதவுகளுக்கு அப்பால் இது மூன்றாவது கதவு. அதற்கு ஐந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். டிக்கெட் பணம் போயிற்று.

எல்லையோரத்தில் பிறந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் வாங்கிய வண்டியை அந்தப் பக்கம் ஓட்ட வேண்டுமானால் இந்தப் பக்கத்து ஆட்சேபமில்லாச் சான்று வேண்டும் என்று தினமும் நான்கு பேருக்குச் சொல்கிறவன் நான். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். விடுங்கள் மாமா என்றான். அந்தத் தொகையில் பாதியை அவன் அம்மாவிடம் கொடுத்தேன். வாங்க மறுத்தார், வைத்துவிட்டு வந்தேன்.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம், பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டால் போலீஸ், தூதரகம் என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். தாய்லாந்தில் பழைய நுழைவு முத்திரையைப் புதிய ஆவணத்துக்கு மாற்றிப் பதிய வேண்டும். வியட்நாமில் வெளியேறும் விசா. பெயர் மாறலாம், கதவு இருக்கும். தூதரகத்தில் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும் அதே நாளில், வெளியேற என்ன வேண்டும், அதற்கு உங்கள் கடிதம் கிடைக்குமா என்று கேட்டிருந்தால் டிக்கெட் பணம் தப்பியிருக்கும், காத்திருந்த நாட்களில் ஒன்றிரண்டாவது குறைந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை துணைத் தூதரகத்தின் கடிதம், புகார், விடுதிப் பதிவு எல்லாவற்றோடும் குடிநுழைவு அலுவலகத்தில் கொடுத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை முத்திரை கிடைத்தது. அந்த ஏழு நாள் அவன் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. தினமும் மாலை கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருந்தான். சமையல்காரர் தினமும் ஒரு பொட்டலம் சாதம் கொண்டுவந்து கொடுத்தார்.

இதற்கிடையே, யாரிடம் முறையிடுவது என்று ஊரில் பலரும் என்னைக் கேட்டார்கள். நாம் தமிழர்கள், சென்னைக்கு எழுதலாமா என்று. பாஸ்போர்ட்டில் கேரள முகவரி இருப்பதால் வெளியூர் போன கேரளத்தவர் நலனைக் கவனிக்கும் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸுக்குத்தான் தெரிவித்தேன். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களின் குறைகளைப் பதிய வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய ‘மதத்’ இணையதளத்திலும் பதிந்தேன். சிக்கல் முற்றினால் கைகொடுக்க வேண்டியவை இவை. இந்த முறை தேவைப்படவில்லை.

நெடும்பாசேரிக்குப் பிறகு

களவு நடந்த சனிக்கிழமையிலிருந்து பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியில் இறங்கினான். கிளம்புவதற்கு முன்பே சான்றிதழை நகல் எடுக்கச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் இங்கே இறங்கியதும் அதை வாங்கிக்கொள்வார்கள். புதிய பாஸ்போர்ட் கேட்கும்போது நான் எப்படித் திரும்பினேன் என்று காட்ட அந்த நகல்தான் இருக்கும். ஆலுவாவில் ரயில் பிடித்துப் பாலக்காடு, அங்கிருந்து பஸ். கொழிஞ்சாம்பாறையில் இறங்கியபோது அவன் அம்மா என் கடைத் திண்ணையில் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

புதிய பாஸ்போர்ட்டுக்கு, தொலைந்ததற்கு மாற்று என்ற பிரிவில் விண்ணப்பித்தோம். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் என்றால், தொலைந்ததற்கு மாற்றாக வாங்க 3,000 ரூபாய். எப்படித் தொலைந்தது என்று ஓர் உறுதிமொழி எழுத வேண்டும். 2016 டிசம்பர் மாற்றத்துக்குப் பிறகு அதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி தேவையில்லை. வியட்நாமியப் புகாரின் அசல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, சான்றிதழ் நகல் மூன்றையும் வைத்தோம். இந்த வாய்ப்பில் ஆதாரில் அப்பா பெயரையும் ஒற்றை எல்லுக்கு மாற்றினோம். ஊர் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வந்தவர் எங்களுக்குத் தெரிந்த முகம்தான். மலையாளத்தில் கேட்டார், அம்மா தமிழில் பதில் சொன்னார். ஐந்து வாரத்தில் புத்தகம் வந்தது.

அதற்கும் ஒரு மாதம் கழித்து, அந்த விடுதியிலிருந்து என் மின்னஞ்சலுக்கு ஒரு படம் வந்தது. பூங்காவைச் சுத்தம் செய்கிறவர் புதர் அடியில் கண்டெடுத்து, உள்ளே இருந்த விடுதிச் சீட்டைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். மழையில் ஊறி உப்பிய நீலப் புத்தகம். பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முத்திரைகளுக்காக அதை வைத்துக்கொள்ளலாமா மாமா என்று கேட்டான். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, 1967ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. துணைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிடும்படி விடுதிக்கு எழுதினோம்.

அம்மா மட்டும் என் கணினித் திரைக்கு முன் நின்றுகொண்டே இருந்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மை கரைந்த பக்கத்தில் பையனின் முகம் பாதி போயிருந்தது. கீழே அந்த எண், ஐந்தாவது இலக்கம், தெளிவாக எட்டு.

"இதற்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள் அண்ணா," என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். மடிக்காமல் கொண்டுபோக ஓர் உறையும் கொடுத்தேன்.